கண்ணாடியில் ஒட்டியவை

முதல் நாள் மூன்று பேர் வந்தார்கள்.
ஒருவர் கழிவறை எங்கே என்று கேட்டார்.
ஒருவர் தபால்காரர்.
மூன்றாமவர், இதே இடத்தில் முன்பிருந்த
ஷவர்மாக் கடையைத் தேடி வந்தவர்,
நாய்ச்சங்கிலிகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு
மூடிவிட்டார்களா என்றார்,
துக்கம் விசாரிப்பவர்போல.

ஏஜாக்ஸில், பல் வைத்தியருக்கும் வேப் கடைக்கும் நடுவில்
பதினாலடி அகலத்தில் என் கடை.
நாய்க்குப் பயந்தவள் நாய்க்கடை திறந்தாளாம் என்று
மச்சாள் சனமெல்லாம் சொல்லி முடித்துவிட்டாள்.
பொய்யில்லை.
வாலாட்டினாலும் என் கால் ஓரடி பின்வாங்கும்.
ஆனால் பூனைக்கு மணல் விற்க
வீரம் எதற்கு?

ஐந்நூறு துண்டுப் பிரசுரம்.
அச்சடித்தவன் இருபது வீதக் கழிவில்
சைபரை விழுங்கியிருந்தான்.
இரண்டு வீதம்.
அப்படியே கார்களின் கண்ணாடியில் செருகினேன்.
அன்றிரவு ஈரப்பனி.
விடிந்தபோது தரிப்பிடம் முழுக்க
என் தொலைபேசி எண் சகதியில் கரைந்துகொண்டிருந்தது.

சிவகடாட்சம் லொறியோடு தண்டர் பேயில் நின்று
யோசனை சொன்னார்.
பலூன் கட்டு.
கட்டினேன்; மைனஸ் பதினெட்டில்
செத்தல் மிளகாயாய்ச் சுருங்கின.
பாட்டுப் போடு.
பல் வைத்தியர் சுவரைத் தட்டினார்.
வாசலில் தண்ணீர் வை, நாய் நிற்கும்,
நாயோடு ஆளும் நிற்கும்.
வைத்தேன். நாற்பது நிமிடத்தில் கல்லானது.
ஒரு கிழட்டு லாப்ரடோர் அதில் மூக்கை வைத்துவிட்டு
நிமிர்ந்து என்னைப் பார்த்ததே ஒரு பார்வை.

மாசி நடுவில் ஒரு சிறுமி வந்தாள்,
ஒரு கையில் தாள், மறு கையில் டேப்.
இதை ஒட்டலாமா?
சாம்பல் பூனை. இடக்காதில் கிழிசல்.
பெயர் டம்ப்ளிங்.
கண்மட்டத்தில் நல்ல இடம் ஒன்றுதான் இருந்தது,
அங்கே என் திறப்புவிழாக் கழிவு தொங்கியது.
கிழித்தெடுத்தேன்.

அடுத்த நாள் ஒரு கிளி.
பிறகு வேறொரு பூனை, ஒற்றைக்கண் பீகிள்,
இந்தக் குளிரில் எங்கே ஓடியதோ, ஓர் ஆமை.
கண்ணாடி நிறைந்து
உள்ளே வெளிச்சம் குறைந்தது.
பேருந்துக்கு நிற்பவர்கள் இங்கே வந்து நின்றார்கள்.
படித்தார்கள். உச்சுக் கொட்டினார்கள்.
வீட்டுச் சோபாவில் ஒழுங்காய்த் தூங்கும்
தம் பூனையை நினைத்துத் திடீரென்று பயந்து
உள்ளே வந்து கழுத்துப்பட்டி கேட்டார்கள்,
பெயர் பொறித்த தகடும்.
தகடு எட்டு டொலர்.
அந்த மாதம் நாற்பத்தொரு பெயர் பொறித்தேன்.
உறுத்தியதா என்றால், உறுத்தியது,
கல்லாவை எண்ணும்போது மட்டும்.

பீகிள் கிடைத்தது.
ஆமை குளியலறை அலுமாரிக்குப் பின்னால் இருந்ததாம்.
கிளியைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

பங்குனியில் அந்தச் சிறுமியின் தகப்பன் வந்தார்.
தோளில் ஒரு பை பூனைச் சாப்பாடு, பிரிக்காதது.
ரசீது இல்லை.
நான் விற்றதும் இல்லை அது,
பெரிய கடையின் விலைச்சீட்டு அதன் முதுகில்.
திருப்பி எடுப்பீர்களா?
முப்பத்தொரு டொலரை எண்ணிக் கொடுத்தேன்.
அன்று வந்த ஒரே ஆள் அவர்.
காலையைவிட மெலிந்துதான் கல்லா இரவைக் கண்டது.

கதவைத் திறந்தவர் திரும்பினார்.
மகளுக்கு இன்னும் சொல்லவில்லை.
அந்தத் தாள் இருக்கட்டும்.

இருக்கிறது.
வெயில் பட்டுப் பூனை வெளிறிவிட்டது,
கிழிந்த காது மட்டும் தெரிகிறது.
பள்ளி விட்டு வருகையில் அவள் தினமும்
எழும்பிய டேப்பின் மூலையைக்
கட்டைவிரலால் அழுத்திவிட்டுப் போகிறாள்.
உள்ளே வருவதில்லை.

மூன்றரை மணியானால்
கடையின் எல்லா விளக்கையும் போட்டுவிடுகிறேன்.
மின்கட்டணம் ஏன் கூடியது என்கிறார் சிவகடாட்சம்.
விளம்பரச் செலவு,
அப்படியே எழுதுங்கள் என்றேன்.