லாயின்-லாயின்

பாடாங் செராயில் டயர் கடைக்கும் டோபிக் கடைக்கும் நடுவே
ஒரே ஒரு கதவு, அதுதான் எங்கள் மிருக மருத்துவமனை.
டாக்டர் சுஹைலா நீலக் கோப்பு ஒன்றை நீட்டி
பூனை பற்றிய எல்லாவற்றையும் ஓரிடத்தில் அடுக்கிவிடு, கோகிலம்
என்றார் மலாயில்.

இனத்தில் தொடங்கினேன். அதுதானே முறை.
பெர்சியன்: மூக்கு உள்வாங்கியது, கண் வடியும்,
சிறுநீரகத்தில் நீர்க்கட்டி வரலாம்.
மெயின் கூன்: இதயச் சுவர் தடிக்கும்.
காது மடிந்த ஸ்காட்டிஷ்: காதை மடித்த அதே குருத்தெலும்பு
பிறகு காலையும் மடக்கும்.
நீலக்கண் வெள்ளை: பெயர் சொன்னால் திரும்பவில்லையா,
கோபித்துக்கொள்ளாதே, கைதட்டிப் பார்.
இப்படிப் பதினோரு பக்கம்.
பிளாஸ்டிக் உறை போட்டதும் கல்யாண ஆல்பம் போல இருந்தது.

மறுநாள் வந்தவை:
வால் முடிச்சிட்ட சாம்பல்.
அரை வாலோடு ஒரு கறுப்பு.
மீன்பெட்டிக்குள் மூவண்ணத் தாய், கூடவே நாலு.
செம்பனைத் தோட்டத்து லயத்திலிருந்து,
பள்ளி கண்டீனிலிருந்து,
ஆ ஹெங் பட்டறையில் நின்ற லோரியின் எஞ்சினுக்குள்ளிருந்து.
பதினோரு பக்கத்தில் எதிலும் இல்லை இவை.

பாரத்தில் இனம் என்று ஒரு கட்டம்.
எனக்கு அந்தக் கட்டத்தைத் தெரியும்.
பள்ளியில், வங்கியில், வாடகைக்குக் கேட்டுப் போன வீட்டில்
மூன்றாவது பெட்டியில் டிக் போட்டே வளர்ந்தவள் நான்.
நாலாவது பெட்டி லாயின்-லாயின்.
மற்றவை.
எங்கள் கதவுக்கு வரும் பூனைகள் நூற்றில் தொண்ணூறு
நாலாவது பெட்டி.

"கதவுல நசுங்கிடுச்சும்மா" என்பார்கள், வாலைக் காட்டி,
குற்றம் செய்த குரலில்.
இல்லைங்க, பிறவியிலேயே அப்படி,
இந்தப் பக்கம் நிறையப் பூனைக்கு அப்படித்தான்.
சொல்லிச் சொல்லி வாய் வலித்து
அதற்கொரு பக்கம் வைத்தேன். பன்னிரண்டு.
பல்லி தின்னும் பூனைக்குக் கல்லீரலில் புழு,
காதின் உள்பக்கம் மஞ்சளாகப் பார். பதின்மூன்று.
பனையடியில் வைக்கும் எலி மருந்து,
அதைத் தின்ற எலி, எலியைத் தின்றது. பதினாலு.

வெள்ளிக்கிழமை கதவை இழுக்கும் நேரம்
பாக்டரி பஸ் ஓட்டும் பரணீதரன் ஓடி வந்தார்,
ஹெல்மெட்டுக்குள் பூனையோடு.
"காய்ச்சல் மாதிரி இருந்துச்சு.
பாதி பானடோல், தேன்ல குழைச்சு...
எம் பொண்ணுக்கும் அதாங்க குடுப்பேன்."
உதட்டைத் தூக்கிப் பார்த்தேன்.
ஈறு கோப்பி நிறம்.
டாக்டர் ஊசியை எடுக்கும்போதே எனக்குத் தெரிந்தது.
ஒன்பதே முக்காலுக்குப் பெட்டி கேட்டார். மைலோ பெட்டி கொடுத்தேன்.
தேன் இன்னும் மீசையில் ஒட்டியிருந்தது.

அன்றிரவு கோப்பை மேசையில் கொட்டினேன்.
பூனையின் பெயரிலிருந்து இல்லை,
கவுண்டரில் வந்து நிற்பவர் வாயிலிருந்து அடுக்கினேன்.
"சாப்பிட மாட்டேங்குது" முதலில்.
"ஓரமாப் போயி படுத்துக்குது" அடுத்து.
"முக்குது, ஒண்ணும் வரல": சிவப்புத் தாள்.
மலச்சிக்கல் என்பார்கள். ஆண் பூனையா, மூத்திரம் அடைத்திருக்கும்,
நம்பர் கொடுத்து உட்கார வைக்காதே.
"நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்பதை
எங்கே வைப்பதென்று தெரியவில்லை. இன்னும் தெரியவில்லை.
தமிழ், கீழே மலாய், அதன் கீழே
ஆ ஹெங் மனைவி எழுதித் தந்த சீனம்.
எல்லாவற்றுக்கும் முன்னால், உறைகூடப் போடாமல்,
பானடோல் வேண்டாம்.
பாதியும் வேண்டாம்.

டாக்டர் புரட்டிப் பார்த்து, இனம் எங்கே என்றார்.
கடைசியில் இருக்கு டாக்டர்,
லாயின்-லாயின்.

அடுத்த மாதம் பரணீதரன் வந்தார்.
சட்டைக்குள்ளிருந்து ஒரு குட்டி தலை நீட்டியது,
வால் நுனி கொக்கி போல வளைந்து.
நான் பேனாவை எடுக்கவே இல்லை, அதற்குள்
"நான் நசுக்கலைங்க, சத்தியமா" என்றார்.