ஏழாவது விடயம்

தெருவிளக்கு முடிந்தது.
கட்டாக்காலி மாடுகளின் தண்டப்பணம் முடிந்தது.
தேத்தண்ணி வந்தது, வடை மூன்று குறைவு.
பிறகு தவிசாளர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு வாசித்தார்:
வீரையடிப் பட்டின எல்லைக்குள்
நிலத்தின் கீழுள்ள பழைய குழிகளை
என்ன செய்வது.

குழி என்றுதான் அறிக்கையில் எழுதச் சொன்னார்.
பங்கர் என்று எழுதினால்
மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வரும்.
நான் குழி என்று எழுதினேன்.
சபையில் எல்லோரும் பங்கர் என்றே பேசினார்கள்.

போன கிழமை ஆஸ்பத்திரி ரோட்டில்
கல் ஏற்றி வந்த டிப்பர்
பின்சில்லோடு உள்ளே போனது.
சாரதிக்கு ஒன்றுமில்லை.
தூக்கிப் பார்த்தால் கீழே
எல் வடிவத்தில் ஓர் அறை,
இரண்டு பிளாஸ்ரிக் கதிரை.
ஒன்று குழந்தைப்பிள்ளைக் கதிரை.

குகதாசன் பெக்கோ வைத்திருப்பவர்.
மூடுவோம் என்றார், ஒன்றுக்கு நாலு லோட் கிரவல்.
கணக்கு ஏற்கெனவே அவர் சட்டைப்பையில் இருந்தது.
சுகாதாரப் பரிசோதகர் எழுந்து
நுளம்பு என்றார்,
அந்த ஒரு சொல்லோடு இருந்துவிட்டார்.
ஆடியில் கிணறெல்லாம் அடி தெரிகிறது,
மாரித்தண்ணியைத் தேக்கினால் என்ன என்றார் நௌஸாத்.
ரெயில்வே திணைக்களத்துக் கடிதமும் வாசிக்கப்பட்டது:
கூரைக்குப் போட்ட தண்டவாளங்கள் அரச சொத்து,
எண்ணி, துரு தட்டி, ஒப்படைக்கவும்.
முதலில் ஒருவரும் சிரிக்கவில்லை.
பிறகு நெடுநேரம் சிரித்தார்கள்.

ரிக்கற் போட்டுக் காட்டலாம் என்றான்
புதிதாகத் தெரிவான நிமலரூபன்.
ஏணி வைப்போம், லைற் போடுவோம்,
வெளிநாட்டுச் சனம் வரும்.
தேவமலர் கேட்டார்:
இறங்கின சனத்துக்கு
மேலே என்ன சத்தம் போட்டுக் காட்டுவியள் தம்பி?

அவரே தொடர்ந்தார்.
எங்கட பங்கருக்கு மண்மூட்டை தைச்சது
என்ர கூறைச்சீலையில.
அதைத் தோண்டித் தாங்கோ எண்டு கேக்கேல்லை.
மூடுறதெண்டா மூடுங்கோ.
எத்தனை எண்டு எண்ணிப்போட்டு மூடுங்கோ.

எத்தனை?
வீட்டுக்கு ஒன்று, சரி.
பள்ளிக்கூட வளவில் பன்னிரண்டு.
பொழுதுபட வந்து கிண்டி
விடிய விட்டுப்போன சனத்தின் குழிகள்
எந்தக் கிராம அலுவலர் பிரிவில் சேரும்?

அப்போதுதான் பத்திநாதர் வாய் திறந்தார்,
மூன்று கூட்டமாகப் பேசாதவர்.
ஏற்கெனவே மூடினது இருக்குதே,
ஆக்களோட.
அதை என்ன செய்யப் போறம்?

மின்விசிறி சுற்றியது.
எழுதவா என்று தவிசாளரைப் பார்த்தேன்.
அவர் வடைத்தட்டைப் பார்த்தார்.
எழுதினேன். வெட்டச் சொல்லவில்லை.

தீர்மானம்: வீடு வீடாகப் படிவம் கொடுப்பது,
முடிவை அடுத்த கூட்டத்துக்குப் பின்போடுவது.
படிவத்தைத் தட்டெழுதியது நான்தான்.
நீளம். அகலம். தற்போதைய பயன்பாடு.
மூடச் சம்மதம்: ஆம் / இல்லை,
பொருந்தாததை வெட்டிவிடவும்.

ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோனேன்.
எங்களுடையது விறகுக் கொட்டிலுக்குக் கீழே.
நீளம் அடிக்கணக்கில் கேட்கிறது.
எனக்குத் தெரிந்த அளவு
மூன்று பேர் படுக்க, ஒருவர் குந்தியிருக்க.
மகன் அங்கேதான் இறங்கிப் படிக்கிறான்.
குளிர் என்கிறான், போனும் இழுக்காதாம்.
பனங்குற்றியில் நான் ஆணியால் கீறிய நாட்கணக்குக்கு மேலே
முக்கோணங்கள் கீறியிருக்கிறான்,
கோணங்களுக்குப் பெயரும் இட்டிருக்கிறான்.
பயன்பாடு என்ற இடத்தில்
கணிதம் என்று எழுதினேன், பென்சிலால்.

ஆமையும் வெட்டவில்லை, இல்லையையும் வெட்டவில்லை.
சோறு போட்டுவிட்டுக் கூப்பிட்டேன்.
மண்ணுக்குள்ளிருந்து குரல் வந்தது:
இந்தா வாறன்.