பதினோராவது படத்தின் முதுகு

ஹப்புத்தளையில் மூன்று மணிக்கு மூடுபனி
ஜன்னலைக் கேட்காமல் உள்ளே வரும்.
துரைமார் பில்லியர்ட்ஸ் ஆடிய கூடம்
இப்போது அருங்காட்சியகம்.
மேசையின் பச்சைத் துணிமேல்
பதினொரு படங்கள் மல்லாந்து கிடக்கின்றன.

அமெரிக்கக் கல்லச்சு, ஆயிரத்து எண்ணூற்று எழுபதுகள்.
இங்கே எப்படி வந்தன என்று பதிவேட்டில் இல்லை.
அங்கே தேயிலை விற்கப் போன யாரோ ஒரு துரை
திரும்புகையில் வாங்கியிருப்பான் என்பது
இயக்குநர் அம்பன்வெலவின் ஊகம்.
ஊகத்தைப் பென்சிலால் எழுது என்றார்.

எழுதினேன்.
ஒன்று: உறைந்த குளத்தில் சறுக்கும் குடும்பங்கள்.
நாலு: இரவுக் காட்டுக்குள் ரயில், புகையில் நெருப்புப்பொறி.
ஏழு: பந்தயக் குதிரை, நாலு காலும் தரையில் இல்லை.
பதினொன்று: பருத்திக் காடு.

கல்லில் மெழுகுப் பென்சிலால் வரைவார்களாம்.
தண்ணீர் ஊற்றினால் கோடு ஏற்காது,
மை உருட்டினால் ஈரம் ஏற்காது.
ஒன்றோடொன்று ஒட்டாததை வைத்தே ஒரு தொழில்.
படம் தீர்ந்ததும்
அதே கல்லைத் தேய்த்து அடுத்த படம்.

நிறம் மட்டும் கையால்.
நீள மேசை, வரிசையாகப் பெண்கள்,
ஒருத்திக்கு நீலம் மட்டும், அடுத்தவளுக்குச் சிவப்பு.
தாள் நகரும், அவள் நகரமாட்டாள்.
நாள் முழுக்க வானம் பூசியவளுக்கு
அன்று வெளியே மழையா என்று தெரிந்திருக்காது.
வாசித்தபோது அம்மாவின் நிரை ஞாபகம் வந்தது.
படிவத்தில் அதற்கு இடமில்லை.

பதினோராவது படத்தில்
குனிந்த ஒருத்தியின் தலைத்துணிச் சிவப்பு
கோட்டைத் தாண்டிக் கன்னத்தில் இறங்கியிருக்கிறது.
அவசரமா, கைக்கடுப்பா,
பூசியவளின் முதுகுக்குப் பின்னால் யாராவது நின்றார்களா.
ஓவியர்: பெயர் உண்டு.
அச்சகம்: தெரு இலக்கத்தோடு உண்டு.
நிறம் பூசியவர்: அப்படியொரு கட்டமே இல்லை.
பருத்தி பறிக்கிறவர்களுக்கும் இல்லை. அவர்கள் 'காட்சி'.

பூஞ்சணம் பின்னால்தான் என்று சட்டத்தைத் திருப்பி
செபமாலை ஆணி பிடுங்கினார், துருவேறிய பன்னிரண்டு.
படத்தை இறுக்க யாரோ உள்ளே திணித்த தாள்கள்:
ஒரு தோட்டத்தின் செக்ரோல்,
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாலு, ஜூலை.

கிளாக்கரின் ஆங்கிலம் வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது.
மூக்கி என்கிறது; மூக்காயியாக இருக்கும்.
அங்கம்மாள் வெறும் அங்கம்.
சடையன் மகள் சின்னது. பேரே அவ்வளவுதான்.
ஆளுக்கு முப்பத்தொரு கட்டம்.
முழுக்கோடு பேர், பாதிக்கோடு அரைப்பேர்.
வெறுங்கட்டம் காய்ச்சலோ பிள்ளைப்பேறோ சாவோ,
அதற்குக் கோடு வைக்கவில்லை.

என் ஆட்கள் இருக்கிறார்களா என்று விரலால் தேடினேன்.
இல்லை. அது வேறு மலை.
ஏமாற்றமாக இருந்தது.
பிறகு, ஏமாந்ததற்கு வெட்கமாக இருந்தது.

அமிலத் தாள், படத்தைத் தின்னும், எறிந்துவிடு
என்கிறது விதி.
அம்பன்வெலவும் அதைத்தான் சொன்னார், கெட்ட மனிதரல்ல.
பழைய ஆணியைப் பத்திரப்படுத்தச் சொல்வதும் விதிதான்.
செபமாலை பன்னிரண்டையும் எண்ணி டப்பியில் போட்டு
சீட்டு ஒட்டினார்.

படத்தைப் புது அட்டைக்கு மாற்றும்போது பார்த்தேன்:
பருத்திக்கு யாரும் வெள்ளை பூசவில்லை.
அது தூரிகை படாமல் விட்ட வெறும் தாள்.
அதன் மேல், மறுபக்கத்து மை
நூறு வருஷமாக ஊறி ஏறியிருக்கிறது பழுப்பாக,
ஒரு கோடு, ஒரு கோடு, அரைக்கோடு.
நனைத்தால் போகலாம்.
போகாமலும் இருக்கலாம்.

புதுப் படிவம் எடுத்தேன். எண்: பதினொன்று-அ.
பொருள்: செக்ரோல், நாலு தாள்.
நிலை: ஓரம் உதிர்கிறது, வாசிக்கலாம்.
ஆக்கியவர்:
நாற்பத்தாறு ஆட்கள், கட்டமோ விரற்கடை.
மூக்காயி என்று முழுசாகத் தொடங்கினேன்.
ஊகம்தான்.
பேனாவால் எழுதினேன்.