ஒரு சிவப்புப் புள்ளிக்கான தள்ளுபடி

மூன்று மாதமாக எண்களோடு படுத்து எண்களோடு எழுகிறேன்.
இருபத்து நான்கு மெகாபிக்சல் போதுமா, நாற்பத்தைந்தா.
ஐஎஸ்ஓ ஆறாயிரத்தைத் தாண்டினால்
இருட்டின்மேல் உப்புத் தூவியதுபோல் வருமா, வராதா.
மகன் லவுத்தாரோ கேட்கிறான்:
"அம்மா, நீ வாங்கப்போவது கேமராவா, கப்பலா?"

கப்பலுக்குத்தான் கேமரா.
வால்பரைசோ துறைமுகத்தின் நான்காம் கிரேனில்
நாற்பது மீட்டர் உயரத்தில்
பன்னிரண்டு வருஷமாக எனக்கு இரவுப்பணி.
காலடியில் கண்ணாடித் தரை.
அதன்வழி பார்ப்பதைக்
கைப்பேசியில் எடுத்துக் காட்டினால்
தங்கை சொல்வாள், "ஏதோ கறுப்பா இருக்கே."

ஏதோ கறுப்பு இல்லை அது.
ஆறிய காப்பியில் ஏடு படிவதுபோல்
தண்ணீர்மேல் மூடுபனி படியும் நேரம்.
கன்டெய்னர் கட்டும் ஆட்கள்
விளக்கு கட்டிய எறும்புகளாக ஊர்வார்கள்.
குன்றுகளில் வீடுகள்
ஒவ்வொன்றாகக் கண் மூடும்.

புதுக் கடைப் பையன் பளபளப்பானவன்.
"கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும், மேடம்,
பறக்கும் பறவையின் கண்ணைக்கூட."
எனக்கு வேண்டியவற்றுக்குக் கண்ணே கிடையாது, தம்பி.
இரும்பு. நீர். இருட்டு.
விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தேன்.
வேலைநிறுத்தத்தில் போன இருபது நாள் சம்பளம்
அதில் நான்குமுறை அடங்கும்.

அப்புறம்தான் கோண்டெல் தெரு,
கடிகார பேட்டரிக் கடைக்கு மேலே, நிபால்டோவிடம்.
பேச்சில் சிக்கனக்காரர்.
ஒரு பாடியை எடுத்துத் துணிமேல் வைத்தார்.
பிடியின் ரப்பர் கட்டைவிரல் அளவுக்கு வழவழத்திருந்தது.
"ஷட்டர் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் முறை திறந்தது."
யாருடையது?
"கல்யாணப் படக்காரன்."
இப்போது?
"விவாகரத்து ஆகிவிட்டது. தேனீ வளர்க்கிறான்."

என் கார்டைப் போட்டேன்.
விளக்கை அணைக்கச் சொன்னேன்.
மறுபேச்சில்லாமல் கதவையும் இழுத்துவிட்டார்.
இரண்டு அந்நியர்கள் இருட்டில்
முப்பது நொடி மூச்சைப் பிடித்து நின்றோம்
மூன்று பழைய லென்ஸ்களைப் படமெடுக்க.

திரையில் மேலே, இடது ஓரம்,
குண்டூசி முனையளவு சிவப்பு.

"தெரியும்," என்றார் நிபால்டோ.
"சென்சாரில் ஒரு புள்ளி எரிந்துவிட்டது.
நீண்ட படத்தில் மட்டும் காட்டும்.
கணினியில் ஒரு சொடுக்கில் அழித்துவிடலாம்.
அதனால் எண்பதாயிரம் பெசோ குறைவு."
மிச்சத்தை லென்ஸில் போடச் சொன்னார்,
பாடி கிழடாகும், நல்ல கண்ணாடி ஆகாது என்று.
அன்று அவர் பேசியதில்
நீளமான வாக்கியம் அதுதான்.

முதல் இரவு, மூன்று மணி, காப்பி இடைவேளை.
காற்று விழுந்திருந்தது.
கேபின் கம்பியில் கவ்வியால் இறுக்கி
பொத்தானை அழுத்திவிட்டுக்
கையை மடியில் வைத்துக்கொண்டேன்,
கோயிலில் உட்கார்ந்தவள்போல.
இடப்பக்கம் கடல், வலப்பக்கம் குன்று, நடுவில் என் இரும்புகள்.
எல்லாம் வந்திருந்தது.
ஏடும் எறும்பும்கூட.

தங்கை வெகுநேரம் பார்த்தாள்.
"அலைத்தடுப்புக்கு அப்பால்
சிவப்பு விளக்கோடு நிற்கிறதே, எந்தக் கப்பல்?
நேற்றைய படத்திலும் அங்கேயேதான் நின்றது."
பெயர் தெரியாது என்றேன். பொய்யில்லை.
சரக்கிறக்க நான் தேவைப்படாத
ஒரே கப்பல்.

அந்தச் சொடுக்கை இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.
நேற்று கேமராவைச் செங்குத்தாகத் திருப்பிப் பார்த்தேன்.
கப்பல் குன்றேறிவிட்டது.
ஊரே தூங்கும் சரிவில்
யாரோ ஒருவர் வீட்டில்
விளக்கெரிகிறது.