எடைச்சீட்டு

ஊத்துக்கோட்டை தாண்டி
நாகலாபுரம் போகிற சாலையில்
கூரை போன ஓர் எடைமேடை.
நாள் வாடகை ஐந்நூறு என்றான் ஆடு மேய்க்கிறவன்.
அது அவனுடையதே இல்லை என்பது
மூன்றாம் நாள்தான் தெரிந்தது.

மொத்த முதலீடு மூன்றேகால் லட்சம்.
சூளைக்காரர் கோதண்டம் போட்டார்,
அதில் முக்கால் லட்சத்தைச் செங்கல்லாகவே.
இயக்குநர் எத்திராஜ் கல்லை விற்று
லென்ஸுக்கு வாடகை கட்டினான்.

கதை ஊரார் சொன்னது.
குமாஸ்தா சுப்பராயுடு ஒரு ராத்திரி
நாற்காலியில் உட்கார்ந்தபடியே செத்தார்.
விடியும்வரை பதினாறு மணல் லாரிகள்
அவரைப் பார்த்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.
இன்னும் எடை போடுகிறாராம்.
எத்திராஜ் அதைக் காமெடி ஆக்கினான்:
சோடாபுட்டிக் கண்ணாடி, அவிழ்கிற வேட்டி,
லஞ்சம் நீட்டினால் ஒரு நீள ஏப்பம்.

பேய் வேஷம் மிமிக்ரி மஸ்தானுக்கு.
முகத்துக்குக் குழந்தைப் பவுடர்,
ரத்தத்துக்கு நன்னாரி சர்பத்.
முதல் நாள் அவன் அலறியது எறும்பு கடித்து.
அந்த டேக்தான் ஓகே.

நான் சவுண்டு.

பன்னிரண்டரைக்கு டீசல் தீர்ந்து
ஜெனரேட்டர் இருமி அடங்கியது.
ஹெட்ஃபோனில் மட்டும், காதுக்குள் உட்கார்ந்து பேசுவதுபோல,
"இங்கா கொஞ்செம் முந்துக்கு."
இன்னும் கொஞ்சம் முன்னாடி.
எனக்கு மட்டும்தான் கேட்டது என்று நினைத்தேன்.
கேமரா சலாவுதீன் சொல்கிறான் என்று மஸ்தான் நகர்ந்தான்.
மஸ்தான் நகர்ந்ததால் ஃபோகஸ் போய்
சலாவுதீன் நகர்ந்தான்.
ஏன் நகர்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே
எத்திராஜ் நகர்ந்தான்.
மேக்கப் புஷ்பகாந்தி, உதவி இயக்குநர் ருக்மாங்கதன்,
மைக் கம்போடு நான்.
ஆறு பேரும் இரும்புத் தகட்டில் ஏறியதும்
கீழே எதுவோ டக்கென்று பூட்டிக்கொண்டது.

வயர் அறுந்து பத்து வருஷமான மெஷின்
சீட்டைத் துப்பியது.
எத்திராஜ் 81.
மஸ்தான் 64, ஒட்டுமீசை தனி.
சலாவுதீன் 70, கடன் சேர்க்காமல்.
திரைக்கதை: காலி வண்டி.

எத்திராஜுக்குப் பேய் மேல் பயமே வரவில்லை,
கடைசி வரி மேல் கோபம் வந்தது.
"யோவ், செகண்ட் ஹாஃப் படிச்சியா நீ?"
என்று இருட்டைப் பார்த்துக் கத்தினான்.
"சதிவானண்டி" என்றது இருட்டு,
மரியாதையாக.

அதற்குப் பிறகு படம் இல்லை, ஒலி மட்டும்.
கண்ணாடியைக் கழற்று என்றார்,
எனக்குக் கடைசிவரை பார்வை நன்றாகத்தான் இருந்தது.
வேட்டியைச் சரியாகக் கட்டு என்றார்.
ஏப்பத்தை அவரே செய்து காட்டினார்.
அன்றைக்கும் முதலில் ஏப்பம் மாதிரித்தான் வந்தது,
சோடா குடித்தால் போய்விடும் என்று இருந்தேன்,
வெளியே எல்லோரும் அவசரமாக இருந்தார்கள்.

யாரும் சிரிக்கவில்லை.
மஸ்தான் மட்டும் சிரித்தான், பழக்கதோஷம்.

ஓட்டம்.
வேன் வெளியே போக அந்தத் தகட்டைத் தாண்டித்தான் ஆகவேண்டும்.
இரண்டாவது சீட்டு ஜன்னல் வழியாக வந்து விழுந்தது:
வந்தது 409.
போவது 351.
சரக்கு குறைவு 58.
எத்திராஜ் அதில் மூக்கைச் சிந்தி எறிந்தான்.

என் எடை 58.

கத்திப் பார்த்தேன். லெவல் மீட்டரில் முள் அசையவில்லை.
நாற்காலி சூடாக இருந்தது,
யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல.

லேப்பல் மைக் மஸ்தான் சட்டையிலேயே இருந்தது,
அதனால் சுருட்டப்பள்ளி டீக்கடைவரை
எல்லாம் கேட்டது.
யாரும் என் பெயரைச் சொல்லவில்லை.
ருக்மாங்கதன் ஆறு டீ சொன்னான்.
ஐந்து பேர் ஊதி ஊதிக் குடித்தார்கள்.
அப்புறம் ஆறாவது கிளாஸை
யாரோ நிதானமாக உறிஞ்சுகிற சத்தம்,
கிளாஸை பெஞ்சில் வைக்கிற சத்தம்,
திருப்தியாக
ஒரு ஏப்பம்.