கேட்போன் பதிவேடு

கல்லில் பொறித்திருப்பது காலாட்படை.
மேலே ரெஜிமெண்ட் முத்திரை, ஒரு டிராகன்,
வாலை மழை தின்றுவிட்டது.
இத்தெல் ப்ரோபெர்ட், வயது இருபத்து மூன்று.
என் கொள்ளுத்தாத்தாவின் தம்பி.
துப்பாக்கிமுனைக் கத்தியோடு பாய்ந்தபோது வீழ்ந்தான் என்பது
எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் தோறும்
வாத்துக்கறியோடு பரிமாறப்படும் செய்தி.

கல்லைப் புதுப்பிக்கிறார்கள்.
குழுச் செயலாளர் திருமதி டில்விஸ் ஒரு படிவம் தந்தார்:
பெயர், எண், ரெஜிமெண்ட், போரில் ஆற்றிய பணி.
கடைசிக் கட்டத்தில் ஒரு வரிதான் கொள்ளும்.
ஒரு வரிதானே என்று வாங்கிக்கொண்டேன்.

எனக்குத் தண்ணீர் வாரியத்தில் ராத்திரி வேலை.
ரெக்ஸம் நகரம் அடங்கியபின்
தெருவில் ஓர் இரும்புக்கோலை ஊன்றி
மறுமுனையில் காதை வைப்பேன்.
குழாய் கசிந்தால் சீறும்.
கசியாவிட்டால் என் நாடிதான் கேட்கும்.

லண்டன் ஆவணக் காப்பகத்தில் பென்சிலுக்கு மட்டும் அனுமதி.
ரெஜிமெண்ட் பெட்டியில் அவன் எட்டு மாதம் இருக்கிறான்:
பூட்ஸ் வாங்குகிறான், ஒரு பல்லைப் பறிகொடுக்கிறான்,
ரொட்டி திருடி ஏழு நாள் சம்பளம் இழக்கிறான்.
பிறகு ஊதா மையில் ஒரு முத்திரை: இடமாற்றம்.
சிலேட் குவாரியில் வளர்ந்த பயல் அல்லவா,
சுரங்கக் கம்பெனி கேட்டு வாங்கிக்கொண்டது.

பாயவில்லை. மேலே ஏறக்கூட இல்லை.
ஃபிளாண்டர்ஸ் களிமண்ணுக்குக் கீழே எண்பது அடியில்
மணல்மூட்டை மேல் சம்மணமிட்டு
மருத்துவரின் குழாய் போன்ற ஒன்றைக் காதில் மாட்டி
மூச்சை அடக்கி இருந்திருக்கிறான்.
பணி: கேட்பது.
எதிரி எந்தத் திசையில் தோண்டுகிறான், எவ்வளவு தூரம்,
வெடிமருந்தை அடுக்கத் தொடங்கிவிட்டானா.
கேட்டதை எழுத வேண்டும்.
எழுதியதை அதிகாரி நம்பினால்
அந்தப் பக்கம் மண் மூடும்.

வயிற்றுவலிக்காரனைப் போலக் குனிந்த கையெழுத்து.
"1.15. கடப்பாரை, பதினொரு அடி.
1.50. வண்டிச் சக்கரம். எண்ணெய் போடாதது.
2.05. இருமல். சின்னப் பையன்."

பிறகு,

"2.40. ஒலி இல்லை.
3.00. ஒலி இல்லை.
3.30. ஒலி இல்லை."

அடுத்த பெட்டியில் பக்கத்துச் சுரங்கத்தின் பதிவேடு.
ஹாக்கின் என்று கையொப்பம், கார்ன்வால்காரன்,
தகரம் வெட்டிய குடும்பம்.
அதே இரவு:
"2.40. இருமல், தெளிவாக.
3.00. இருமல். யாரோ சிரிக்கிறார்கள்.
3.30. மூட்டைகள் இழுபடுகின்றன."

இருவருக்கும் நடுவே பன்னிரண்டு கஜம்.
ஓரத்தில் அதிகாரியின் சிவப்புப் பென்சில்:
முரண்படுகின்றன. நாளையும் கேட்கவும்.

தூங்கிவிட்டானா?
ஈரத்தில் காது அடைத்துக்கொண்டதா?
(அடைக்கும். ஜனவரியில் எனக்கே அடைக்கும்.)
இல்லை,
அந்த இல்லைக்குப் பிறகு
ஒரு சொல்லும் எனக்கு வரவில்லை.

நாளை வரவில்லை. விடியுமுன் அவர்கள் வெடித்தார்கள்.
இத்தெல் இன்னும் அங்கேதான் இருக்கிறான்.
ஹாக்கினும். இன்னும் நால்வரும்.
அவர்கள் பெயர்களையும் எழுதி எடுத்துக்கொண்டேன்,
யாரும் கேட்கவில்லை என்றாலும்.
இருமியவனுக்கு என்ன ஆயிற்று என்று
அந்த ஊர்ப் பெட்டிகள்தான் சொல்ல வேண்டும்.
எனக்கு ஜெர்மன் தெரியாது.

திருமதி டில்விஸ் இரண்டு முறை அழைத்துவிட்டார்.
கல்தச்சர் காத்திருக்கிறாராம்.
கத்தியோடு பாய்ந்தார் என்றே போட்டுவிடட்டுமா,
இடமும் சரியாக இருக்கும் என்கிறார்.

நேற்று ராத்திரி, ரூத்தின் சாலை முனை.
கோலில் காது. மணி இரண்டு நாற்பது.
கீழே ஏதோ.
தண்ணீர்தான் என்று அடித்துச் சொல்ல முடியாத ஏதோ.
வாரியத்தின் படிவத்தை எடுத்தேன்.
அதிலும் ஒரு வரிதான்.
பேனா மூடியைப் பல்லில் கடித்தபடி
எவ்வளவு நேரம் நின்றேனோ,
பால் வண்டி வந்து
ஒதுங்கச் சொல்லி ஹாரன் அடித்தது.