படுத்தபடி உருளும் சக்கரம்

மின்வெட்டு எட்டு மணிக்கு என்கிறது கைபேசி.
இப்போது ஆறு இருபது.
வெஸ்ட்வில் குன்றின்மேல், ஆய்வகத்துக்கு வெளியே,
நொன்டாண்டோவின் பன்னி சோவைப்
பிரித்துத் தின்றுவிட்டன குரங்குகள்.
அவள் சிரிக்கிறாள்.
நான் ஹீலியத்தின் விலையை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

குளிர்கலத்துக்குள் ஒரு படிகம்,
பாதி மிளகளவு, கருப்பு.
நேற்று அது வாயே திறக்கவில்லை.
மானியின் முள் பூஜ்யத்தில் கிடந்தது.
"மாதிரி செத்துப்போச்சு" என்று
பதிவேட்டில் எழுதிவிட்டுப் போய்விட்டேன்.

சாகவில்லை.
உள்ளே பாதிச் சுழல்கள் வலம் சுற்ற
பாதி இடம் சுற்ற
ஒன்றின் பேச்சை மற்றது அழித்துக்கொண்டிருந்தது,
தேர்தல் மாதத்தில்
எங்கள் வீட்டு ஞாயிறு மதியம்போல.

இன்று மின்புலம் கொடுத்துக் குளிரவைத்தோம்.
எல்லாம் ஒரே பக்கம் சுற்றின.

"சக்கரம் நிற்குதா?"
அது அவள் வைத்த பெயர்.
ஒவ்வொரு மாங்கனீஸ் அணுவிலும் ஓர் அம்பு,
ஸ்பின்;
முந்தையதைவிடச் சற்றே திரும்பிய அம்பு.
வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனால்
சைக்கிள் சக்கரம் ஒன்று
சாலையில் நிமிர்ந்து உருண்டு போகிறது.
அந்த உருளலால்தான் படிகத்தின் மின்முனைவு
வானம் பார்த்து நிற்கிறது.

காந்தப்புலத்தை ஏற்றினேன்.
ஒரு டெஸ்லா. இரண்டு. மூன்று.
நாலில் ஒரு நடுக்கம்.
கீழே நெடுஞ்சாலையில் லாரி போயிருக்கலாம்.
நாலரை.
மூச்சை யார் பிடித்துவைத்தது என்று தெரியவில்லை.
நாலே முக்கால்

சாய்ந்தது.

விழவில்லை, நன்றாகப் பார்:
படுத்துக்கொண்டே உருள்கிறது
அதே சாலையில்.
மேலே பார்த்த மின்முனைவு
இப்போது பக்கத்தில் பார்க்கிறது.
ஒரு மானி வடிய, அடுத்தது நிரம்பியது.
மின்புலத்தை எப்போதோ அணைத்துவிட்டோம்;
சொன்னது காந்தம்,
கேட்டுத் திரும்பியது மின்சாரம்.

நொன்டாண்டோ மேசையைத் தட்டினாள்,
மேசையைத் தட்டக்கூடாது என்று
அவளே ஒட்டிவைத்த தாளின்மேல்.

பிறகு இறக்கினோம்.
நாலே முக்காலில் எழுந்துவிடும் என்றிருந்தேன்.
எழவில்லை. நாலரை. நாலே கால்.
படுத்த இடத்தில் எழாத பிடிவாதம்.
நாலு புள்ளி ஒன்று

ஏழு நாற்பத்தெட்டு.
பன்னிரண்டு நிமிடம் முந்திக்கொண்டு வந்தது இருட்டு.

பம்புகள் அடங்கின.
எங்கோ குழாயில் ஹீலியம் சீறியது, காசு போகும் சத்தம்.
ஜெனரேட்டர் இரும ஆரம்பிக்கப் பதினோரு நொடி ஆகும்.

"எழுந்திருக்கும்," என்றாள் இருட்டிலிருந்து.
"படுத்துத்தான் கிடக்கும்."
"ஐந்து ராண்ட்?"
"ஐந்து ராண்ட்."

எட்டு, ஒன்பது.
கைபேசி வெளிச்சத்தில் பதிவேட்டைத் தேடி
நேற்றைய வரியை அடித்துக்கொண்டிருந்தேன்.